மெய்ப்பாடு குறைந்த முகங்கள்

என் மச்சான் மௌத்தான அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பதினேழு வயது. என் தங்கையின் பிள்ளை, எனக்கு மருமகன். மையித்தைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு நடு வீட்டில் வைத்திருந்தார்கள். உள்ளே பெண்களின் அழுகை. வாசல் முழுக்க ஊர்ச்சனம். யாரோ சாம்பிராணி போட்டிருந்தார்கள். அவன் கிணற்றடிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு மதிலுக்கு மேலால் போன வயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. வந்தவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னால் "ம்" என்பான். சந்தூக்கைத் தூக்கத் தோள் கொடுத்தான். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டான். வீட்டுக்குத் திரும்பியதும் உம்மாவிடம், "சோறு இரிக்கா?" என்று கேட்டான்.

முதல் நாள் ஊர் சொன்னது, "நல்ல ஸப்ரான புள்ள" என்று. மூன்றாம் நாள் அதே வாய்கள் "கல்லு நெஞ்சு" என்றன. பெற்ற வாப்பாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் நாளைக்கு உம்மாவைப் பார்ப்பானா என்று என் தங்கையின் காதில் விழும்படியாகவே ஒருத்தி சொன்னாள். ஏழாம் நாள், சொந்தங்கள் எல்லாம் கூடியிருந்த இடத்தில், நானும் என் பங்கைச் செய்தேன்.

"உனக்குக் கல்பு எண்டு ஒண்டு இரிக்காடா?"

அவன் என்னைப் பார்க்காமலே, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரலில், "இரிக்கி மாமா" என்றான். நான் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். கேள்வியைக் கேள்வியாகவே எடுத்து உண்மையான பதிலைச் சொன்னான் என்பது எனக்கு விளங்கப் பல மாதம் சென்றது.

அடக்கிய அன்று தொடங்கி ஏறத்தாழ மூன்று கிழமை அவனுக்கு வயிற்று நோவு. இரத்தம் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியாக ஒரு ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர், எப்போது தொடங்கியது என்று கேட்டார். "எட்டாம் திகதி. அஸருக்குப் பொறகு, நாலு இருவதுக்கு" என்றான். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். "வாப்பாவ அடக்கிட்டு வந்த" என்றான். அழுதீர்களா என்றார். "இல்ல. எனக்கு வயிறுதான் நோகுது." அந்த வைத்தியர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். சில மாதங்கள் கழித்து, அவனுக்கு இருப்பது ஓட்டிச நிலை என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது.

ஓட்டிசம் என்றால் பேசாத, கையை உதறுகிற சின்னப் பிள்ளைகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். நன்றாகப் பேசி, சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறும் எடுத்த ஒருவனுக்கு அந்தப் பெயர் எப்படி வரும் என்று சண்டைக்கே போனேன். அதற்குப் பிறகு வாசித்ததும், வைத்தியர்களிடம் கேட்டறிந்ததும், எல்லாவற்றுக்கும் மேலாக அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை. நான் வைத்தியன் அல்ல. முப்பது வருடத்துக்கு மேல் தமிழ் படிப்பித்தவன். அதனால்தான் வெட்கமும் கூட. ஏனென்றால் இந்த விடயத்துக்கு வேண்டிய சொல் என் கையிலேயே இருந்தது. அதை வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் எழுதியும் இருக்கிறேன்.

அந்தச் சொல் மெய்ப்பாடு.

தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். அழுகைக்குச் சொன்ன நான்கில் இழவும் ஒன்று. உள்ளத்தில் எழுவது மெய்யில், அதாவது உடம்பில், படுவதால் அது மெய்ப்பாடு. உரையாசிரியர்களுள் பேராசிரியர் இதை ஒரு சங்கிலி போல விரித்துக் காட்டுவார். முதலில் காணப்படும் பொருள். அடுத்தது அதை நுகர்கிற பொறியின் உணர்வு. மூன்றாவது, அது மனத்தில் பட்டதும் உள்ளே எழுகிற குறிப்பு. நான்காவது, அந்தக் குறிப்பினால் கண்ணீராக, மயிர்ச்சிலிர்ப்பாக உடம்பில் தோன்றுகிற சத்துவம். ஒருவன் புலியைக் காண்கிறான் என்று வையுங்கள். புலி ஒன்று, கண்டது இரண்டு, அச்சம் மூன்று, நடுக்கம் நான்கு.

இந்த நான்கு கண்ணிகளையும் பிரித்து வைத்ததுதான் பழையவர்களின் நுட்பம். ஆனால் படிப்பிக்கும்போது நாங்கள் அதை ஒட்டவைத்துவிடுகிறோம். நான்காவதைக் கண்டால் மூன்றாவது இருக்கிறது. நான்காவது இல்லாவிட்டால் மூன்றாவதும் இல்லை. "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியும் இதைத்தான் சொல்கிறது. திருக்குறளின் குறிப்பறிதல் அதிகாரம் முகத்தைப் பளிங்குக்கு ஒப்பிடுவதும் இந்த நம்பிக்கையில்தான். பெரும்பாலான மனிதருக்கு அது சரியாகவும் இருக்கலாம். சங்கிலியின் மூன்றாம் கண்ணிக்கும் நான்காம் கண்ணிக்கும் இடையிலான கொளுவல் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் போடப்படவில்லை என்பதுதான் நான் பிந்திப் படித்த பாடம்.

ஓட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு முகபாவம், குரலின் ஏற்ற இறக்கம், கைச்சாடை ஆகியவை குறைவாக அல்லது வேறு விதமாக வெளிப்படுகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013ல் வெளியிட்ட நோயறி கைநூலின் ஐந்தாம் பதிப்பிலும் இது அடையாளங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் இதைத் 'தட்டையான' வெளிப்பாடு என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தட்டை என்றால் உள்ளேயும் ஒன்றுமில்லை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மெய்ப்பாட்டுக் குறைவு என்று நான் எழுதுவேன். குறைந்தது மெய்ப்பாடு மட்டும்தான்.

ஆய்வுலகமும் இந்த இரண்டையும் நெடுங்காலம் ஒன்றாகவே பார்த்தது. பால்டிமோரில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணியாற்றிய லியோ கானர் 1943ல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'உணர்ச்சித் தொடர்பு' குழம்பியிருப்பதாக வைத்தார். மற்றவர்களோடு உணர்ச்சியால் தொடர்புகொள்ளும் ஆற்றல் இல்லாமலே இவர்கள் பிறக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அவருக்கு ஏறத்தாழ இரு தசாப்தம் முந்தி, 1925ல், மொஸ்கோவில் குரூனியா சுகரெவா என்ற பெண் வைத்தியர் ஆறு சிறுவர்களைக் கவனித்து எழுதியிருந்தார். அவர்களுடைய முகபாவமும் உடலசைவும் வெளிப்பாடு குறைந்தவை என்பதை அவரும் குறித்திருந்தார். அவருடைய எழுத்து நெடுங்காலம் மேற்கில் கவனிக்கப்படாமல் கிடந்தது. கானரின் முடிவுதான் பாடப்புத்தகங்களுக்குள் போனது. அங்கிருந்து பொதுப்பேச்சுக்கு வந்தது. 'இவர்களுக்குப் பிறர் துன்பம் விளங்காது' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த வரியை உடைத்த ஆய்வுகளில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது முகத்தையே அளந்து பார்த்தது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொமினிக் ட்ரெவிசனும் கூட்டாளிகளும் 2018ல் பல ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்களின் முகத்தில் பாவங்கள் வருவது குறைவு. வந்தாலும் குறைந்த நேரமே நிற்கின்றன. மற்றவர் சிரித்தால் தன்னை அறியாமல் தானும் சிரிப்பது என்கிற அந்தத் தொற்றும் குறைவு. இதுவரை நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் வருகிற பாவத்தின் உரம் குறைவில்லை. திடீர்ச் சத்தத்துக்கோ மணத்துக்கோ முகம் அசைய எடுக்கிற நேரமும் பிந்தவில்லை. அப்படியானால் இயந்திரம் பழுதல்ல. மற்றவருக்குக் காட்டுவதற்காக என்று அது ஓடுவது குறைவு, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆய்வு ஓட்டிசம் பற்றியதல்ல. ஆனாலும் இங்கே சேரும். அமெரிக்க உளவியலாளர் ஆன் கிரிங் 1990களில் மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்குத் திரைப்படத் துண்டுகளைக் காட்டினார். அவர்களின் முகம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே அசைந்தது. உள்ளே என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டால் மற்றவர்கள் அளவுக்கே உணர்ந்ததாகச் சொன்னார்கள். தோலில் வியர்வையால் உண்டாகும் மின்கடத்தல் மாற்றத்தை அளந்தபோது அது மற்றவர்களைவிடக் கூடவே இருந்தது. பேராசிரியரின் சங்கிலியில் சொன்னால், மூன்றாம் கண்ணி முழுதாக இருக்கிறது. நான்காவதில் கண்ணுக்குத் தெரியாத பாதியும் இருக்கிறது. முகம் என்கிற பாதிதான் இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு நேரே வந்து விழுந்த அடி. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாசனும் கூட்டாளிகளும் 2017ல் வெளியிட்டது. ஓட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசிய சிறு துண்டுகளைப் பொதுமக்களுக்குக் காட்டி, இவரோடு பழக உங்களுக்கு விருப்பமா என்று கேட்டார்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, அசையாப் படம் என்று எதைக் காட்டினாலும் ஓட்டிசம் உள்ளவர்களைப் பற்றி வந்தது பாதகமான எண்ணம்தான். சில வினாடிகளிலேயே வந்தது. பிறகு அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தார்கள். முகமும் இல்லை, குரலும் இல்லை, சொன்ன சொல் மட்டும். அந்தப் பாதகமான எண்ணம் மறைந்துபோயிற்று.

அதை வாசித்த இரவு என் போனை எடுத்துப் பார்த்தேன். மருமகன் எனக்கு அனுப்பிய வட்ஸப் செய்திகள் வரிசையாகக் கிடந்தன. எனக்குச் சீனி வருத்தம் கூடிய நேரம் அவன் எழுதியவை, என் மகளின் கலியாணத்தன்று எழுதியது. நேரில் வந்தால் "ம்" என்கிறவன் எழுத்தில் வேறு ஆள். அவற்றை நான் முன்பும் வாசித்திருக்கிறேன். அவன் முகத்தை நம்பியதால் அவன் எழுத்தை நம்பாமல் இருந்திருக்கிறேன்.

இனி அந்த வயிற்று நோவுக்கு வருகிறேன். சங்கிலியில் மூன்றாவதும் நான்காவதும் கொளுவாமல் போவது ஒன்று. மூன்றாவது எழுந்தும் அது என்னவென்று அவருக்கே பெயர் சொல்லத் தெரியாமல் போவது வேறொன்று. இரண்டாவதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். பொஸ்டனில் பணியாற்றிய பீட்டர் சிஃப்னியோஸ் என்ற மனநல வைத்தியர் 1973ல் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதை உண்டாக்கினார். உணர்வுக்குச் சொல் இல்லாமை என்பது பொருள். இது ஒரு நோயல்ல, ஒரு தன்மை. ஓட்டிசம் இல்லாதவர்களிலும் உண்டு. எங்கள் குடும்பங்களில் "கோவமா?" என்று கேட்டால் "தலை இடிக்கிது" என்று மட்டும் சொல்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இது காணப்படுவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019ல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் காட்டினார்கள். மற்றவர்களில் அது இருபதில் ஒருவர் அளவுதான்.

இந்தத் தன்மை உள்ளவருக்கு உணர்வு உடம்பாகவே வருகிறது. நெஞ்சு அடிக்கும், கை குளிரும், வயிறு பிசையும். அது பயமா, கவலையா, பசியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மருமகன் அன்று "சோறு இரிக்கா?" என்று கேட்டது எனக்குப் பின்னால் அவனே விளக்கிய பிறகுதான் புரிந்தது. வயிற்றில் ஏதோ நடந்தது. வயிற்றில் நடப்பது பசியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறான். சாப்பிட்டும் போகவில்லை. அப்படியானால் வருத்தமாக இருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனான். அவன் அளவில் எல்லாம் சரியான முடிவுகள்தான்.

பிறர் துன்பம் விளங்காது என்ற பழிக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. ஜெஃப்ரி பேர்ட்டும் கூட்டாளிகளும் 2010ல் இலண்டனில் செய்த மூளைப்படிம ஆய்வில், தமக்கு நெருங்கியவர் நோவுபடும்போது ஓட்டிசம் உள்ளவர்களின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். அந்த வேலை குறைந்திருந்தது அலெக்சிதைமியாவின் அளவுக்கு ஏற்பத்தான். ஓட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தல்ல. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால் வந்த பழி அது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை எந்த ஆய்வையும்விட அவன் நன்றாகச் சொன்னான். மையித்து வீட்டில் உனக்கு என்ன நடந்தது என்று இரண்டு வருடம் கழித்துக் கேட்டேன். "சத்தம், சாம்பிராணி, ஆக்கள் கையப் புடிக்கிற. எல்லாக் கரண்டும் அதுக்கே போயிட்டு மாமா. முகத்துக்கு மிச்சமில்ல" என்றான். வெளிச்சம், சத்தம், மணம், தொடுகை ஆகியவற்றைக் கூடுதலாக வாங்குகிற புலன் அமைப்பு உள்ளவர்கள் அளவு மீறும்போது இப்படி அடங்கிப்போவதுண்டு. பேச்சு குறையும், முகம் வெறிக்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது அலட்சியம் போலத் தெரியும். எங்கள் துக்க வீடுகளும் கலியாண வீடுகளும், துக்கமும் சந்தோசமும் காட்டவேண்டிய இடங்கள் எல்லாமே, சத்தமும் சனமும் கூடிய இடங்கள். காட்டு என்று கேட்கிற இடத்தில்தான் காட்ட முடியாமல் போகிறது.

பிரித்தானியாவில் டேமியன் மில்ட்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஓட்டிச நிலையில் உள்ளவர், 2012ல் 'இருமுகப் பரிவுச் சிக்கல்' என்று ஒன்றை முன்வைத்தார். விளங்கிக்கொள்ளாமை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அவர்களுக்கு எங்களை வாசிப்பது கஷ்டம் என்றால் எங்களுக்கும் அவர்களை வாசிப்பது அதே அளவு கஷ்டம். ஆனால் சிறுபான்மையாக இருப்பவரின் தவறு மட்டுமே குறை என்று எழுதப்படுகிறது. 2016ல் வந்த ஓர் ஆய்வு இதற்கு ஒரு திருகலையும் சேர்த்தது. ஓட்டிசம் உள்ளவர்கள் காட்டுகிற முகபாவங்களை ஓட்டிசம் உள்ள மற்றவர்களாலும் சரியாக அடையாளம் காண முடியவில்லை. அவர்களுக்குள் ஒரு பொதுவான முகமொழி இருக்கிறது, நாங்கள்தான் அதைப் படிக்கவில்லை என்று ஆறுதல்பட வழியில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மொழி.

அதனால் அகராதியும் ஒவ்வொருவருக்காகத் தனித்தனியே எழுதவேண்டும். என் தங்கை பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவள். அவள் அந்த அகராதியைப் பல வருடத்துக்கு முதலே மனதில் எழுதி வைத்திருந்தாள். எங்களில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். சந்தோசம் என்றால் அவன் குசினியிலிருந்து கேற் வரைக்கும் நடப்பான், திரும்ப நடப்பான். கவலை என்றால் அலுமாரியில் உள்ள சட்டைகளை எடுத்துத் திரும்ப மடிப்பான். கோபம் என்றால் பெருவிரலால் நடுவிரல் நகத்தைத் தேய்ப்பான். பயம் வந்தால் அவன் பேச்சு எழுத்துத் தமிழாக மாறும். "உம்மா, நான் இப்பொழுது வெளியே செல்ல விரும்பவில்லை" என்பான். தமிழாசிரியனான எனக்கு அது ஒரு காலத்தில் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்தவர்களின் முன்னால் அவனை நிறுத்திப் பேச வைத்து ரசித்திருக்கிறேன். அவன் பயத்தில் நின்றிருக்கிறான்.

வாப்பா மௌத்தான பிறகு அலுமாரி மடிப்பு நாற்பது நாளும் நடந்தது என்று தங்கை சொன்னாள். வாப்பாவின் சட்டைகளையும் சேர்த்து.

எங்கள் சமூகத்தில் இது கண்ணில் படாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மேற்கில் ஒரு பிள்ளை கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் உடனே கவனிப்பார்கள். இங்கே பெரியவர் முன்னால் தலையைக் குனிந்து நிற்பது மரியாதை. பேச்சுக் குறைந்த, சிரிப்புக் குறைந்த ஆண்பிள்ளை அடக்கமான பிள்ளை. பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம், ஊரே புகழும். சிக்கல் அவளுடைய கலியாணத்தில்தான் வெடிக்கும். மணப்பெண் சிரிக்கவில்லை, மாமியார் வீட்டில் நகை போட்டபோது முகம் மலரவில்லை, விருப்பமில்லாமல் கட்டிவைத்துவிட்டார்களோ, வேறு ஏதும் இருக்குமோ. இருபது வருடம் அடக்கம் என்ற பெயரில் இருந்த அதே முகம் ஒரே இரவில் அகங்காரம் ஆகிவிடும். பெண்களில் ஓட்டிசம் பிந்தியே கண்டறியப்படுகிறது என்று உலகமெங்கும் எழுதுகிறார்கள். எங்கள் ஊர்களில் பல பெண்களுக்கு அது கண்டறியப்படுவதே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இலங்கையில் இது அபூர்வமானதல்ல. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் கூட்டாளிகளும் ஓர் அரைநகர்ப்புறப் பகுதியில் 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளைப் பரிசோதித்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருந்தது. நான் படிப்பித்த வருடங்களை நினைத்துக் கணக்குப் பார்க்கிறேன். எனக்கு முன்னால் இருந்துபோன பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். "என்ன முழிச்சிட்டு நிக்கிறாய்? ஏசினாலும் ஒறைக்காதா?" என்று நான் கேட்ட முகங்கள் சில இன்றும் நினைவிருக்கின்றன. அடித்தும் இருக்கிறேன். முகம் மாறாததால் இன்னும் ஒன்று போட்டும் இருக்கிறேன். அவர்களில் எல்லோருக்கும் ஓட்டிசம் என்று சொல்ல வரவில்லை. முகம் மாறாததை வைத்து, நோகவில்லை என்று நான் முடிவெடுத்தேன் என்றுதான் சொல்ல வருகிறேன்.

சரி, சிரிக்கப் பழக்கிவிடலாமே என்று கேட்பார்கள். தங்கையும் முயன்றாள். ஒரு குடும்பக் கலியாணத்துக்கு முந்தி, கண்ணாடிக்கு முன்னால் நிற்கவைத்து எப்போது பல்லைக் காட்டவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று பழக்கினாள். அந்தக் கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் அவன் ஒரே அளவான சிரிப்போடு நிற்கிறான். எல்லோருக்கும் சந்தோசம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தான். ஓட்டிசம் உள்ள பலர் இப்படி வாழ்நாள் முழுக்க நடிக்கிறார்கள். மற்றவரைப் பார்த்து முகத்தை வரவழைப்பது, பேச்சை ஒத்திகை பார்ப்பது, கையசைவை அடக்குவது. பிரித்தானியாவில் சாரா காசிடியும் கூட்டாளிகளும் 2018ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மறைத்து நடிப்பதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு காணப்பட்டது. படத்தில் நன்றாக விழவேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு அவர்கள் கொடுக்கிற விலை இதுவும் ஆகலாம். தங்கை அதற்குப் பிறகு கண்ணாடியை எடுக்கவில்லை.

ஒன்றை இங்கே எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். சிறுவயது முதலே ஒருவருடைய முகம் அப்படி இருப்பது வேறு. சிரித்துப் பேசித் திரிந்த ஒருவருடைய முகம் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் அணைந்துபோவது வேறு. இரண்டாவது என்றால் வைத்தியரிடம் போகவேண்டும். மனச்சோர்வு அப்படிச் செய்யும். சில மனநோய்கள் செய்யும், சில மருந்துகளும் செய்யும். வயதானவர்களில் பார்க்கின்சன் என்கிற நடுக்க வருத்தம் செய்யும். என் மாமனாருக்கு அதுதான் வந்தது. டோபமின் என்ற பதார்த்தம் மூளையில் குறைந்து, முகத்தசைகள் இறுகி, கடைசி வருடங்களில் அவர் முகம் முகமூடி போல ஆகிவிட்டது. பேரப்பிள்ளையை மடியில் வைத்தால்கூடச் சிரிப்பு வராது. ஆனால் அவருக்குக் கல்பு இல்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. "பாவம், வருத்தம்" என்றார்கள். முன்பு அவர் சிரித்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள் அல்லவா? என் மருமகன் சிரித்ததை ஒருவரும் கண்டிருக்கவில்லை. அதனால் அவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. ஒரு கம்பனியில் கணக்கு வேலை. போன வருடம் எனக்கு நெஞ்சில் சத்திர சிகிச்சை நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்று, சுவரில் தொங்கிய அட்டையை வாசித்தான். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவிக்குச் சங்கடம். நான் அவன் கையைப் பார்த்தேன். மேசையில் கிடந்த என் துவாயையும் சாரத்தையும் எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததை விரித்துத் திரும்பவும் மடித்தான். மூன்று முறை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை. பாங்கு சொல்லும் வரைக்கும் இருவரும் அப்படியே இருந்தோம்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவனுடைய சம்மதம் வேண்டும் என்று முழுவதையும் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு கிழமை வைத்திருந்தான். ஏழாம் நாள் நான் கேட்டதை எழுதியிருக்கிற இடத்தில் என்ன சொல்வானோ என்று எனக்குள்ளே பதற்றம். தாள்களைத் திருப்பித் தந்தபோது முகத்தில் வழமைபோல ஒன்றுமில்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் கீறியிருந்தான்.

"மூணு கிழமை இல்ல மாமா. இருவத்தாறு நாள்."

பிறகு எழுந்து குசினிப் பக்கம் போனான். அங்கிருந்து கேற் வரைக்கும் நடந்தான். திரும்ப நடந்தான்.